தயிர் சாதத்தைச் சூடாக்கச் சொன்னவர்கள்

எங்கள் பக்கத்தில் வளைகாப்பு என்றால் தாய் வீட்டிலிருந்து ஐந்து வகைச் சோறு வந்தாக வேண்டும். எலுமிச்சை, புளி, தக்காளி, தேங்காய், கடைசியில் தயிர். பினாங் தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடியில் குடியிருந்தாலும், கீழே கார் நிறுத்த இடமில்லாமல் தினமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும், அந்த ஐந்தில் ஒன்று குறையக்கூடாது. குறைந்தால் மாமியார் வீட்டார் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மூஞ்சியில் காட்டுவார்கள். எனக்கு அம்மா இல்லை. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே போய்விட்டார். அதனால் என் தாய் வீடு என்றால் அது என் அண்ணிதான், என் அண்ணனின் மனைவி. சீர் கொண்டுவர வேண்டிய பொறுப்பு முழுக்க அவர் தலையில் விழுந்தது.

அண்ணிக்கு பாயான் லெப்பாஸில் மின்னணுப் பொருள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை அவருக்கு இரவு ஷிப்ட். லீவு கேட்டுப் பார்த்தார். ஆள் பற்றாக்குறை என்று கையை விரித்துவிட்டார்கள். விடிய விடிய நின்று வேலை செய்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்து, ஐந்து வகைச் சோறு ஆக்கி, சேலை கட்டி, நல்ல நேரத்துக்குள் வந்து நிற்க வேண்டுமென்றால் அவர் மனுஷியா, மிஷினா? என் அண்ணனுக்கும் இரண்டு கைகள் உண்டு, அன்றைக்கு அவருக்கு லீவும் இருந்தது. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை இப்போது எழுதும்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணி வெள்ளிக்கிழமையே எனக்குப் போன் செய்தார்.

“பாப்பா, கோவிச்சுக்காதே. சூப்பர்மார்க்கெட்ல அஞ்சு சோறும் ஒரே பெட்டியா விக்கிறான்லா. வாங்கி பிரிட்ஜ்ல வெச்சுட்டேன். உங்க அத்தைகிட்ட மட்டும் மூச்சு விட்டுறாதே.”

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. “வெள்ளிக் கிண்ணத்துல கொட்டிட்டா எல்லாம் உங்க சமையல்தான் அண்ணி, விடுங்க” என்றேன்.

அந்தப் பெட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேலே வாழை இலையும் குத்துவிளக்கும் படம் போட்டிருக்கும். ‘பாரம்பரிய விருந்து’ என்று கொட்டை எழுத்தில், தமிழில் இருக்கும். நம் காசை வாங்குவதற்குத் தமிழ் தேவைப்படுகிறது. பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் சங்கதிகள் மட்டும் மலாயும் ஆங்கிலமும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி முதல் நாலு சோற்றையும் மைக்ரோவேவில் ஆவி பறக்கச் சூடு பண்ணினார். தயிர் சாதத்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தபடியே கிண்ணத்தில் கொட்டி, கடுகு தாளித்து, மாதுளை முத்தும் மல்லித்தழையும் தூவினார். வேறு எப்படிச் செய்வார்? வந்த பெண்கள் ஒவ்வொருவராக எனக்கு வளையல் போட்டு, சந்தனம் பூசி, ஒவ்வொரு வாய் ஊட்டினார்கள். எனக்கு அப்போது நெஞ்செரிச்சல் படுத்திக்கொண்டிருந்தது. புளிச் சோற்றைப் பார்த்தாலே முகத்தைச் சுளித்தேன். “பாவம், வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு, குளிர்ச்சியா தயிர் சாதம் குடுங்க” என்று யாரோ சொல்ல, அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லாரும் தயிர் சாதத்தையே ஊட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லக்கூடாது. அன்றைக்கு மட்டும் யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். கிண்ணத்தில் பாதி என் வயிற்றுக்குள்தான் போயிருக்கும்.

என் மாமியாரே ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, “தயிர் சாதம் ரொம்ப நல்லா வந்திருக்கே, யாரு கைப்பக்குவம்?” என்று கேட்டார். “சும்மா செஞ்சேன் அத்தை” என்று அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். நான் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன்.

அடுத்த வாரம் லிப்டுக்காகக் காத்திருந்தபோது மேல் மாடி அக்கா ஒருவர் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். “தங்கச்சி, இந்தச் சோத்துப் பெட்டி ஏதும் வாங்கினீங்களா? திருப்பி எடுக்கிறாங்களாம்.” வாழை இலை, குத்துவிளக்கு, அதே பெட்டி. பாக்டீரியா கலந்திருக்கக்கூடும் என்பதால் முன்னெச்சரிக்கையாகத் தயிர் சாதம் உள்ள பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்திருந்தது. யார் யார் சாப்பிடக் கூடாது என்று கீழே போட்டிருந்தது. வயதானவர்கள், நோயாளிகள், கர்ப்பிணிகள். கை தானாக வயிற்றுக்குப் போனது. உள்ளே பிள்ளை அசைந்தது. அசைகிறது, அசைகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு லிப்ட் வந்தும் ஏறாமல் அங்கேயே நின்றேன்.

அண்ணிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “அண்ணி, அண்ணி” என்று கத்தினேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

அறிவிப்பில் கொடுத்திருந்த நம்பருக்கு அழைத்தேன். அவர்களுடைய விளம்பரப் பாட்டு காதில் ஓடியது. மணக்குது, ருசிக்குது என்று ஒரு பொம்பளை குழைகிறாள். பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பதறிக்கொண்டிருக்கிறவள் காதில் அதைப் போட்டுவிடுகிறார்கள், புத்தி கெட்டவர்கள். நாலைந்து முறை அதே பாட்டைக் கேட்ட பிறகு ஒருவன் மலாயில் பேசினான். என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினான். சின்ன வயசுக் குரல், மரியாதையான குரல்.

“மேடம், சாப்பிடறதுக்கு முன்னாடி சூடு பண்ணீங்களா?”

“நாலு சோத்த பண்ணினோம். தயிர் சாதத்த எப்படிப் பண்றது?”

“பெட்டிக்குப் பின்னால போட்டிருக்கு மேடம். எல்லா வகையையும் நல்லா கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணித்தான் சாப்பிடணும். அப்படிப் பண்ணியிருந்தா எந்தப் பிரச்சினையும் இல்ல.”

“தம்பி, நீ தமிழ்ப் பிள்ளைதானே?”

“ஆமா மேடம்.”

“உங்க வீட்ல தயிர் சாதத்த சூடு பண்ணித்தான் திங்கிறீங்களா?”

குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “எனக்கு எழுதிக் குடுத்தத நான் கேக்கிறேன் மேடம்.”

அவனை என்ன திட்டுவது? ஆனாலும் திட்டினேன். எழுதிக் கொடுத்தவன் கைக்கு எட்டாத தூரத்தில் ஏதோ ஒரு குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கிறான். தயிர் சாதத்தைச் சூடாக்கினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியுமா? தயிர் திரிந்து, தண்ணீர் ஒரு பக்கம், திப்பி திப்பியாக ஒரு பக்கம் நிற்கும், நாய்கூட மோந்து பார்க்காது. ஐந்து சோற்றுக்கும் ஒரே வரியை அச்சடித்து ஒட்டிவிட்டார்கள். ஒருவேளை தெரிந்தேதான் ஒட்டினார்களோ என்னவோ. எவனும் சூடு பண்ண மாட்டான், ஏதாவது ஆனால் ‘நீங்கள் சூடு பண்ணவில்லை’ என்று கைகழுவிவிடலாம். பாரம்பரியம் என்று அட்டையில் போட்டு விற்கிறவனுக்கு அந்தச் சோற்றை எப்படிச் சாப்பிடுவோம் என்று தெரியாதாம். இதை நான் நம்ப வேண்டுமாம்.

மறுநாள் என் கணவரை இழுத்துக்கொண்டு சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். “போன்ல பேசிட்டியே, போதும்லா” என்றார். அவருக்குச் சண்டை என்றால் அலர்ஜி. குளிர்பெட்டியில் அந்த இடம் காலியாகக்கூட இல்லை, வேறு கம்பெனிச் சாமான்களை அடுக்கி நிரப்பியிருந்தார்கள். அறிவிப்பு எங்கே என்று கேட்டால் வாடிக்கையாளர் கவுன்டரின் பக்கவாட்டைக் காட்டினார்கள். காணாமல் போன சாவிக்கொத்து, பூனைக்குட்டி இனாம், அதற்குக் கீழே, முழங்கால் உயரத்தில் ஒரு தாள். எட்டு மாத வயிற்றை வைத்துக்கொண்டு நான் குனிந்து படிக்கவா?

மேலாளரைக் கூப்பிடச் சொன்னேன். கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு ஒரு மனிதர் வந்தார். எல்லாப் பெட்டிகளையும் எடுத்துவிட்டோம், கவலை வேண்டாம் என்று மலாயில் பணிவாகச் சொன்னார்.

“எடுத்தது சரி, ஏற்கெனவே வாங்கிட்டுப் போனவங்களுக்கு யார் சொன்னது?” என்று நானும் மலாயில் கேட்டேன். “என் அண்ணிகிட்ட உங்க உறுப்பினர் அட்டை இருக்கு. அவங்க போன் நம்பர் உங்ககிட்ட இருக்கு. கோழி விலை குறைஞ்சா மெசேஜ் வருது. பெருநாள் தள்ளுபடின்னா மெசேஜ் வருது. சோத்துல கிருமி இருந்தா மட்டும் உங்க மெசேஜ் வராதா?”

அது தலைமையகத்தின் முடிவு என்றார். பிறகு, ரசீதும் பெட்டியும் கொண்டு வந்தால் பணத்தைத் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

“பெட்டி குப்பைக்குப் போயாச்சு. உள்ளே இருந்தது இங்கே இருக்கு” என்று என் வயிற்றைத் தட்டிக் காட்டினேன். “இத எந்தக் கவுன்டர்ல குடுக்கணும்?”

காசு கட்ட நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் மாங்காய் அடுக்கியிருந்த பக்கமாகப் போய்விட்டார். மேலாளர் எனக்கு ஒரு நாற்காலியும் தண்ணீர் போத்தலும் கொண்டுவரச் சொன்னார். வயிற்றுப்பிள்ளைக்காரி கத்தினால் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். நான் உட்காரவில்லை.

கிளினிக்கில் டாக்டரம்மா மட்டும்தான் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். மற்றவர்களுக்கு இந்தக் கிருமி வந்தாலும் பெரும்பாலும் தெரியாது, வயிற்றுப்போக்கோடு போய்விடும் என்றார். கர்ப்பிணிக்கு அப்படியில்லை, ரத்தத்தில் கலந்து பிள்ளையிடம் போகக்கூடும். தாய்க்கு லேசான காய்ச்சல்தான் இருக்கும், பிள்ளைக்குத்தான் ஆபத்து. சில வாரங்கள் கழித்தும் வரலாம். “காய்ச்சல் கொஞ்சம் தெரிஞ்சாலும் நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. பனடோல் மாத்திரை போட்டுக்கிட்டு வீட்ல படுத்திராதீங்க” என்றார். சில வாரங்கள்! அவ்வளவு நாளும் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே அசைகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனிக்க வேண்டும். அசைந்தால் நிம்மதி, ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் உயிர் போய் உயிர் வரும்.

விஷயம் மாமியாருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துவிட்டது. முதலில், “எல்லாருந்தானே சாப்பிட்டோம், எங்களுக்கு என்ன ஆச்சு? சும்மா பயமுறுத்துறாங்க” என்றார். கொஞ்ச நேரத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அன்றைக்குப் பார்த்து அண்ணி வேலை முடிந்து, சீருடையோடு, எனக்குப் பப்பாளி ஆகாது என்பதால் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“சொந்தக் கையால ஆக்கியிருந்தா இந்தக் கதி வருமா? கடையில வாங்கி என் பேரப்பிள்ளைக்கு ஊட்ட வந்துட்டா. தாயில்லாத பொண்ணுன்னா இப்படித்தான் ஏனோதானோன்னு செய்வாங்க.”

அண்ணி வாசலிலேயே நின்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, தொண்டை கிழியக் கத்தினேன்.

“அத்தை, சோத்துல கிருமியப் போட்டது அண்ணியா? வித்தவன ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கிறீங்க, வேலைக்குப் போயிட்டு வந்து நிக்கிற மனுஷியப் போட்டு மிதிக்கிறீங்க. அன்னைக்கு நல்லா இருக்குன்னு அள்ளி அள்ளி யாரு தின்னது?”

“பாரு, எப்படிப் பேசுறா பாரு” என்று மாமியார் தன் மகனைப் பார்த்தார். அவர் டிவியைப் பார்த்தார். அண்ணி ஆப்பிள் பையை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் நான் எத்தனை முறை கூப்பிட்டும் ‘ஷிப்ட்ல இருக்கேன் பாப்பா’ என்ற ஒரே பதில்தான். அந்தக் கம்பெனிக்காரன் என் அண்ணியை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டான் என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

பிறகு ஒரு நாள் காலை, குளித்துவிட்டு வந்தபோது உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. முதுகெல்லாம் வலி. காய்ச்சல்மானியைப் பார்த்த என் கணவர் முதன்முறையாகக் குரலை உயர்த்தி, “கெளம்பு” என்று கத்தினார். ஆஸ்பத்திரியில் நான் தயிர் சாதக் கதையைச் சொன்னதுமே ரத்தம் எடுத்தார்கள், கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். சோதனை முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது, மருந்தை முதலில் ஆரம்பித்துவிடுவோம் என்றார்கள். வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டி, பிள்ளையின் இதயத்துடிப்பை ஸ்பீக்கரில் போட்டார்கள். குதிரை ஓடுவதுபோல் கேட்டது. கொஞ்சம் மெதுவானால் நான் தாதியைக் கூப்பிட்டு உயிரை வாங்கினேன். பாவம், அவர் ஒரு தடவையும் முகம் கோணவில்லை.

அண்ணி வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று என் காலைப் பிடித்துக்கொண்டு, “நான் வாங்கியிருக்கக் கூடாது, நான் வாங்கியிருக்கக் கூடாது” என்று அதையே சொன்னார். “அண்ணி, காலை விடுங்க, கையப் பிடிங்க” என்றேன். பிடித்துக்கொண்டார்.

சோதனை முடிவு சுத்தமாக வந்தது. ரத்தத்தில் அந்தக் கிருமி இல்லை. வேறு ஏதோ சாதாரணக் காய்ச்சலாக இருக்கலாம் என்றார் டாக்டர். இருந்தாலும் மருந்தை முழுக்க முடித்துவிட்டுத்தான் விடுவோம் என்றார். அந்தப் பிள்ளைதான் இப்போது, நான் இதை எழுதும்போது, சோபாவில் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு வார்டில் எங்கள் கட்டிலைச் சுற்றி ஒரே கொண்டாட்டம். “நான்தான் அப்பவே சொன்னேன்ல, ஒண்ணும் ஆகாதுன்னு” என்று மாமியார் எனக்குத் திருநீறு பூசினார். அண்ணிக்கும் பூசினார்.

எல்லாரும் காப்பி குடிக்கக் கீழே போயிருந்தபோது என் போன் அடித்தது. அந்தக் கம்பெனி. வேறு ஒருத்தி, இனிமையான குரல். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். சோதனையில் ஒன்றுமில்லை என்றேன். அவள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

“ரொம்ப சந்தோஷம் மேடம். அப்போ உங்க கேஸ நாங்க முடிச்சுக்கலாமா?”

“எங்கள பயத்துல சாகடிச்சீங்களே, அத எப்படி முடிப்பீங்க? தயிர் சாதத்த சூடு பண்ணச் சொல்லி எழுதினவன் யாருன்னு சொல்லு, நான் முடிச்சுக்கிறேன்” என்று வார்டே அதிரக் கத்திவிட்டுப் போனை வைத்தேன். கத்தியது நன்றாக இருந்தது.

“அக்கா.”

பக்கத்துக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தது. முந்தின நாளிலிருந்தே அப்படித்தான் இருந்தது. உள்ளே யார் என்று எனக்குத் தெரியாது. ஒரு ஆண் அழும் சத்தம் மட்டும் இடையில் ஒரு தடவை கேட்டிருந்தது. இப்போது ஒரு கை திரையைக் கொஞ்சம் விலக்கியது. சின்னப் பெண். தலையில் எண்ணெய் இல்லை, உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் தொட்டில் இல்லை.

“அந்தக் குத்துவிளக்குப் பெட்டியா அக்கா?”

நான் தலையாட்டினேன்.

சுங்கை பாக்காப் ஆஸ்பத்திரியிலிருந்து பாலம் தாண்டி இந்தத் தீவுக்கு அவளை அனுப்பி வைத்திருந்தார்களாம். வாய்க்குப் புளிப்பாக ஏதாவது வேண்டும் என்று கேட்டதற்கு வீட்டுக்காரர் வேலையிலிருந்து வரும்போது வாங்கி வந்தாராம். தயிர் சாதத்தைக் குளிர்பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று ஸ்பூனால் தின்றாளாம். பிறகு லேசான காய்ச்சல், மாத்திரை போட்டதும் விட்டுவிட்டது. அப்புறம் உள்ளே அசைவு நின்றுவிட்டது. அவள் ரத்தத்தில் கிருமி இருந்ததாம். பையன் என்றாள். இதையெல்லாம் குரல் ஏறாமல், இறங்காமல் சொன்னாள்.

“இவரு கம்பெனிக்குப் போன் பண்ணினாரு. சூடு பண்ணித்தான் குடுத்தீங்களான்னு கேட்டாங்க. இவரு என்னக் கேட்டாரு. இல்லன்னு சொன்னேன். அதுக்கப்புறம் என்கிட்ட பேசவே மாட்டேங்கிறாரு.”

நான் கையிலிருந்த போனைக் கட்டிலில் வைத்தேன்.

“நீங்க சூடு பண்ணினீங்களா அக்கா?”

“இல்லம்மா” என்றேன். ஊசிக் கையோடு எழுந்து போய் அவள் கட்டிலில் உட்கார்ந்தேன். “சத்தியமா பண்ணல. எங்க அண்ணி அப்படியே கிண்ணத்துல கொட்டினாங்க. தயிர் சாதத்த யாரும் சூடு பண்ண மாட்டாங்கம்மா. உன் மேல ஒரு தப்பும் இல்ல.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் வயிற்றைப் பார்த்தாள்.

“இல்லக்கா, எனக்காகச் சொல்றீங்க” என்றாள். “நீங்க பண்ணியிருப்பீங்க.”